கட்டுண்ட கைகளுக்காக எழுதுக!

உரிமை பறிக்கப்பட்டவன் முறையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. நன்று. ஆனால், உரிமையைப் பறிப்போர் முதற்கண் பற்றுவது முறையிடுவோனின் கையையே என்பதை அனுபவம் சொல்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனிடம் தாள் இல்லை, பேனா இல்லை, தபாற்கந்தோருக்குச் செல்லும் வழியும் இல்லை. அவன் எழுதவேண்டிய கடிதத்தைப் பிறிதொருவர் எழுதினாலன்றி அது எழுதப்படப் போவதில்லை. அந்தப் பிறிதொருவர் யார்? இவ்வினாவுக்குத் தமிழ் பேசும் மக்களின் சார்பில் நேரான விடையொன்று கூறவேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுவதாலேயே இதனை எழுதுகிறோம்.

வெள்ளவத்தையில் விடிந்த பொழுது

வெள்ளவத்தை வாசிகளும் கொட்டாஞ்சேனை வாசிகளும் 2007ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதியை எளிதில் மறவார். அன்று அதிகாலையிலே கொழும்பின் விடுதிகளுக்குள் பொலிசார் புகுந்தனர். அங்கு தங்கியிருந்த தமிழ் மக்களை எழுப்பி, கையில் அகப்பட்ட பொருட்களோடு பஸ் வண்டிகளில் ஏற்றித் தலைநகரை விட்டே அனுப்பினர். அனுப்பப்பட்டோர் 376 பேர். அவர்களுள் ஆண்கள் 291, பெண்கள் 85 என்பது அரச தரப்பே வெளியிட்ட கணக்கு. பெரும்பாலோர் கொண்டுபோய் விடப்பட்ட இடம் வவுனியா. அவர்கள் செய்த குற்றம் யாது? கடவுச்சீட்டு எடுக்க வந்தமை ஒருவரின் குற்றம். வைத்தியம் செய்விக்க வந்தமை இன்னொருவரின் குற்றம். வெளிநாடு செல்லக் காத்திருந்தமை மற்றொருவரின் குற்றம். தம் நாட்டின் தலைநகரில் தங்குவதற்குத் தக்க காரணம் காட்டவில்லை என்று சொல்லி ஓர் இனத்தவர் மட்டும் ஓட்டப்பட்டனர்.

மறுநாள், யூன் 8ஆந் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தது. அன்றைக்கே நீதிமன்றம், மேலும் எவரையும் இவ்வாறு வெளியேற்றலாகாதென இடைக்காலத் தடை விதித்தது. யூன் 10ஆந் திகதி அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்குத் திரும்பினர்.

இதில் எமது வாசகர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மனுவைத் தாக்கல் செய்தவர்கள் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் அல்லர். ஏற்றப்பட்டவர்கள் அவ்வேளை தலைநகரிலேயே இல்லை. சட்டத்தரணியைத் தேடுவதற்கும், சத்தியக்கடதாசி முடிப்பதற்கும், நீதிமன்றப் படியேறுவதற்கும் அவர்களால் இயன்றிராது. எழுதியவர்கள், எவராலும் எழுப்பப்படாது தத்தம் வீடுகளில் உறங்கி எழுந்தவர்கள். முதல் நாள் இழைக்கப்பட்ட அநீதிக்கு மறுநாளே தடை பிறந்ததென்றால், அதனை உடனே தாளில் எழுதிச் சமர்ப்பிக்க யாரோ ஒருவர் ஆயத்தமாக இருந்ததே முதற் காரணம். அந்த ஒருவர் இல்லாதிருந்தால் இரண்டாம் நாளும் பஸ்கள் புறப்பட்டிருக்கும் என்று அஞ்ச இடமுண்டு.

1961ஆம் ஆண்டின் பாடம்

பிறருக்காகக் கடிதம் எழுதுவதை உலகளாவிய இயக்கமாக்கியவர் பீற்றர் பெனன்சன் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர். 1961ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, லண்டன் ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் மறக்கப்பட்ட கைதிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. கருத்துக்காகச் சிறைப்பட்ட ஆறு பேரின் கதைகளை அவர் எடுத்துக் காட்டினார். அங்கோலாவின் கவிஞரும் மருத்துவருமான அகொஸ்தினோ நெற்றோ அவர்களுள் ஒருவர். பின்னாளில் தம் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். ஹங்கேரியின் கர்தினால் மின்சென்ரி இன்னொருவர். அமெரிக்காவிலே கறுப்பின மக்களின் உரிமைக்காகச் சிறை சென்ற வெள்ளையினப் பாதிரியார் அஷ்ரன் ஜோன்ஸ் மற்றொருவர். அக்கட்டுரையிலிருந்து பிறந்ததே சர்வதேச மன்னிப்புச் சபை. அது 1977ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது.

அதே 1961 மே மாதத்தில் எமது நாட்டில் நிகழ்ந்துகொண்டிருந்தது யாது? தமிழ்மொழி உரிமைக்காகக் கச்சேரி வாயில்களில் சத்தியாக்கிரகம் இருந்த தலைவர்கள், அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிப் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் ஏப்ரல் 14ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே தமக்கென ஒரு தபாற் சேவையைத் தொடங்கி முத்திரையும் வெளியிட்டிருந்தனர். மூன்று நாட்களின் பின் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. ஒரு சிறு முத்திரையும் ஓர் உறையும் ஓர் அரசாங்கத்தை எத்துணை கலங்கச் செய்யும் என்பதை, பெனன்சனின் கட்டுரை அச்சேறுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே எமது மக்கள் கண்டிருந்தனர். ஆதலின், கடிதம் என்பது கோழையின் கருவி என்றோ, அந்நியர் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்றோ எவரும் எமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னிப்புச் சபையின் தொடக்ககால விதியொன்றை இங்கு குறிப்பிடுதல் தகும். கடிதம் எழுதும் ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளின் வழக்குகளை ஏற்கவேண்டும். அம்மூவருள் ஒருவர் மேற்கு நாட்டவராகவும், ஒருவர் பொதுவுடைமை நாட்டவராகவும், ஒருவர் மூன்றாம் உலக நாட்டவராகவும் இருத்தல் வேண்டும். தனக்குப் பிடித்தமான கைதிக்கு மட்டும் எழுதுபவன் தன் கட்சிக்காகவே எழுதுகிறான்; பிடிக்காதவனுக்கும் எழுதுபவனே உரிமைக்காக எழுதுகிறான். நீதியின் இலக்கணம் இவ்விதியிலே அடங்கியிருக்கிறது.

இந்தியாவிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. டில்லியின் திகார் சிறையில், மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த சுனில் பத்ரா என்னும் கைதி, இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசர் ஒருவருக்குக் கடிதமொன்று எழுதினார். தூக்குமரம் தன் எதிரே நிற்க, அவர் தம் உயிருக்காக அக்கடிதத்தை எழுதினாரா? இல்லை. சிறைக்காவலர் ஒருவர் வேறொரு கைதியைக் கொடுமையாகச் சித்திரவதை செய்தார் என்பதே கடிதத்தின் பொருள். வக்காலத்து இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை, மனுவுக்குரிய வடிவம் இல்லை என்று நீதிமன்றம் அதனை ஒதுக்கவில்லை. அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று விசாரித்தது. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணையர் 1979 டிசம்பரில் எழுதிய தீர்ப்பு, சிறைக் கதவைத் தாண்டியும் அரசியலமைப்பு உட்செல்லும் என்று நிலைநாட்டியது. கட்டுண்ட ஒருவனே இன்னொரு கட்டுண்டவனுக்காக எழுதக்கூடுமானால், கட்டில்லாத எமக்கு என்ன தடை?

எமக்கு எழுதப்பட்ட கடிதங்கள்

எமது மக்களுக்காக உலகெங்கும் எழுதப்பட்ட கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கொழும்பில் வாழ்ந்த தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச் 7ஆந் திகதி தடுத்து வைக்கப்பட்டார். சஞ்சிகை ஒன்றில் 2006ஆம் ஆண்டில் வெளியான கட்டுரைகள் காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2009 ஆகஸ்ட் 31ஆந் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. சர்வதேச மன்னிப்புச் சபை அவரை மனச்சாட்சிக் கைதியாக அறிவித்தது. அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைப் பகிரங்கமாகக் குறிப்பிட்டார். பல நாடுகளிலிருந்தும் முறையீடுகள் வந்தன. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. அவ்வாண்டு மே 3ஆந் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளன்று, அவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவருக்காக எழுதியவர்களுள் தமிழின் ஓரெழுத்தும் அறியாத அந்நியர் பலர். இஃது ஒரு கடன். பெற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாத இக்கடனை வேறொருவருக்கு எழுதியே தீர்க்கவேண்டும்.

அந்த வேறொருவர் எமது வாசற்படியிலேயே நின்றார். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16ஆந் திகதி கைது செய்யப்பட்டார். ‘நவரசம்’ என்ற அவரது கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. அவர் 2021 டிசம்பரில் பிணையில் வெளிவரும்வரை ஓராண்டும் ஏழு மாதங்களும் அடைபட்டுக் கிடந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்நூல் எம்மொழியில் எழுதப்பட்டது? தமிழில். அதன் பொருள் யாதென அச்சமின்றித் திட்டமாகச் சொல்லத்தக்கவர் யார்? தமிழ் படித்தவர். ஜெனீவாவிலோ லண்டனிலோ இருப்பவர் மொழிபெயர்ப்பை நம்பித்தான் எழுதவேண்டும். நூலை எடுத்துப் படித்து, இதில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று கையொப்பமிட்டு எழுதும் தகுதி யாழ்ப்பாணத்துத் தமிழாசிரியருக்கும் வெள்ளவத்தைப் பட்டதாரிக்கும் மட்டக்களப்புப் புலவருக்குமே இருந்தது. இத்தகுதி இன்னொரு முறை தேவைப்படும் நாளில், அது எமது அலுமாரிகளில் உறங்கலாகாது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டில் தற்காலிகச் சட்டமென்ற பெயரோடு, தமிழ் இளைஞரை நோக்கிக் கொண்டுவரப்பட்டது. அது யார் வீட்டு வாசலிலே போய் நின்றதென்று பாருங்கள். அடிப்படை உரிமை வழக்குகளில் தோன்றிவந்த கொழும்புச் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா அதன் கீழ் 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியிலேயே பிணை பெற்றார். 2022 ஆகஸ்டில் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே கைதானார். 2023 ஜனவரி இறுதியில் கொழும்புப் பிரதம நீதவான், அச்சட்டத்தின் கீழ் அவரை வைத்திருப்பதற்கு ஆதாரமில்லையென விடுவித்தார். தமிழன் வீட்டுக்கென வெட்டிய கிடங்கில் முஸ்லிமும் சிங்களவரும் விழுந்தனர். அவர்கள் விழுந்தபோது நாம் வாளாவிருப்போமானால், எமக்காக எழுதும்படி அவர்களைக் கேட்க எமக்கு என்ன முகம் உண்டு?

ஒரு தாளும் மற்றொரு தாளும்

எழுத்தின் வலிமையை எமது பகைவர் நன்கறிவர். நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சாட்சி. 1993இல் கைதான அந்தத் தமிழ்த் தொழிலாளி, தம்மால் படிக்க இயலாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட வைக்கப்பட்டதாகச் சொன்னார். அந்த ஒரு தாளே அவருக்கு எதிரான சான்று. மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம், அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரத்தை எதிரியின் தலையிலேயே சுமத்தியது. 2004ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. 2006ஆம் ஆண்டில் எமது உயர் நீதிமன்றமோ, அக்குழுவிடம் முறையிடும் வழியைத் திறந்துவிட்ட இணக்கமே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறிவிட்டது.

காவலறைக்குள்ளே எழுதப்படும் தாள் ஒன்று. வெளியே எழுதப்படும் தாள் மற்றொன்று. உள்ளே எழுதப்படும் தாளுக்கு எதிராகப் பேசக்கூடியது, அவன் கைதான நாளையும் வேளையையும், அப்போது அவன் உடலிற் காயமில்லாதிருந்ததையும், அவனுக்குச் சிங்களம் தெரியாதென்பதையும் அன்றே குறித்து அனுப்பிய வெளித்தாளே. மூன்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் தாய் அழுது சொல்வதை விட, மூன்றாம் நாளில் தபாற்கந்தோர் முத்திரை குத்திய கடிதம் உரக்கப் பேசும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயில்கள்

ஆகவே, சட்டத்தில் உள்ள வழிகளை எமது மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கொடுத்திருக்கும் அவகாசம் ஒரே ஒரு மாதம். தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு அந்த ஒரு மாதம் இருளிலே கழிந்துவிடும். ஆனால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் ஒரு நிவாரணம் தருகிறது. அந்த ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யப்பட்டால், அதன்மீது விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அவகாசத்திற் சேர்க்கப்படாது. பாதிக்கப்பட்டவரே எழுத வேண்டுமென்பதுமில்லை. அவர் சார்பில் எவரும் எழுதலாம். முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை நடைபெற்றது என்பதைக் காட்டவேண்டி வரும். எனவே, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுக. விசாரணை எந்நிலையில் உள்ளதென மீண்டும் எழுதிக் கேட்க. வரும் மறுமொழிகளைக் கோவைப்படுத்தி வைக்க.

அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு இன்னொரு கடமையை விதிக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைக் கைது செய்தவர், 48 மணித்தியாலத்துள் கைதையும் தடுத்து வைத்திருக்கும் இடத்தையும் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். இன்னார் இன்ன திகதியில் கைதானார். 28ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் கிடைத்ததா? இந்த ஒற்றை வரிக் கடிதத்தை எழுத எவருக்கும் சட்டப்பட்டம் வேண்டாம். ஆனால், எங்கிருக்கிறான் என்று எவருக்கும் தெரியாதிருந்த ஒருவனை ஒரு பதிவேட்டிற்குள் கொண்டுவரும் ஆற்றல் அவ்வரிக்கு உண்டு. பதிவேட்டில் உள்ளவனை மறைப்பது கடினம்.

உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளில் 44(7)ஆம் விதியையும் அறிந்து வைத்தல் நன்று. உரிமை மீறப்பட்டதாக எழுத்தில் வரும் முறைப்பாடு, மேலோட்டமாக நோக்கும்போதே மீறலை வெளிப்படுத்தி, பாதிக்கப்பட்டவர் வழக்காட வசதியற்றவராகவும் காணப்பட்டால், நீதியரசர் அதனைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ தக்க சட்டத்தரணிக்கோ அனுப்பி வைக்கலாம். ஏழையின் கடிதத்துக்கு எமது நாட்டு நீதிமன்றத்தின் கதவும் முற்றாக அடைபட்டதன்று.

மொழியைப் பற்றிய தயக்கமும் வேண்டாம். மேல் மாகாணத்தில் நிருவாக மொழி சிங்களமாயினும், அங்குள்ள அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எமக்கு உரித்தளிக்கிறது. எமது முன்னோர் சிறை சென்று கேட்ட உரிமை அது. பிறனுக்காகத் தமிழில் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு உரிமைகள் ஒருங்கே பயிலப்படுகின்றன.

எழுதும் முறை

கடிதம் நீண்டிருத்தல் வேண்டா. ஒரு பக்கம் போதும். யார், எப்போது, எங்கு, எவரால், எந்தச் சட்டத்தின் கீழ் என்ற ஐந்தையும் முதற் பந்தியிலே சொல்க. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்தெழுதுக. ஒரு பொய்யான விவரம் ஒன்பது உண்மைகளைக் கெடுத்துவிடும். அவர் நிரபராதி என்று சத்தியம் செய்ய முற்படாதீர். அதை அறிவது நீதிமன்றத்தின் பணி. குற்றமிருந்தால் குற்றப்பத்திரம் கொடுங்கள், இல்லையேல் விடுங்கள். சட்டத்தரணியையும் குடும்பத்தவரையும் காண விடுங்கள். நோயாளிக்கு மருந்து கொடுங்கள் என்று கேட்பதற்கு எவருடைய நிரபராதித்துவத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளிக்கும் உரியவை இவை.

வசை வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். பொலிஸ் மா அதிபருக்கும், பாதுகாப்பு அமைச்சுக்கும், சட்டமா அதிபருக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தனித்தனியே எழுதுக. ஒவ்வொன்றிலும் மற்றவற்றுக்குப் பிரதி அனுப்பியதைக் குறிப்பிடுக. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வைக்க. நடந்துகொண்டிருக்கும் வழக்கின் முடிவைப் பற்றி, அதை விசாரிக்கும் நீதிபதிக்கு மட்டும் ஒருபோதும் எழுதலாகாது. அது நீதிமன்றத்தை அவமதித்தலாகும்; காப்பாற்ற நினைத்தவனுக்கே கேடாய் முடியும்.

மறியற்சாலையில் இருப்பவருக்கு எழுதுவதையும் மறத்தலாகாது. அக்கடிதத்தை அதிகாரிகள் படித்துப் பார்த்தே கொடுப்பர். ஆதலின் அதில் வழக்கைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேச வேண்டாம். ஊரில் மழை பெய்ததென்றும், பிள்ளை பரீட்சையில் தேறினாள் என்றும் எழுதினால் போதும். அதைப் படிக்கும் அதிகாரியும், இவனை நினைக்க வெளியிலே ஆட்கள் உண்டென்று அறிந்துகொள்வார். 1973இல் பிரேசில் நாட்டின் பேராசிரியர் லூயிஸ் ரொசி கைதானபோதே மன்னிப்புச் சபை தன் முதலாவது அவசர முறையீட்டை அனுப்பியது. தம் செய்தி வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டது, இனித் தம்மைக் கொல்லமாட்டார்கள் என்று சிறையிலே தாம் உணர்ந்ததாக அவர் பின்னர் சொன்னார்.

யார் எழுதுவது?

இதெல்லாம் படித்தவர்கள் செய்யும் வேலை என்று எமது கமக்காரர் எண்ணலாகாது. வாய்க்கால் திருத்தவும், உர மானியம் கேட்கவும், பறிபோன காணியை மீட்கவும் மகஜர் எழுதிக் கையொப்பம் சேர்த்துக் கச்சேரிக்குக் கொண்டுபோன பழக்கம் எந்தக் கமக்காரர் அமைப்புக்கு இல்லை? அதே பழக்கத்தை, அதே பிடிவாதத்தை, ஊரில் ஒரு பிள்ளை கொண்டுபோகப்பட்ட அன்றும் காட்டுக. ஐம்பது கமக்காரர் கையொப்பமிட்ட தாளை எந்தக் கந்தோரும் இலேசிற் கிழித்தெறியாது.

உத்தியோகத்தர்களும் தொழில்வல்லுநர்களும் தம் தொழிலறிவையே தருக. வைத்தியர், கண்ட காயத்தைக் கண்டவாறு எழுதுக. ஆசிரியர், மாணவன் பாடசாலைக்கு வந்த நாட்களை வரவு இடாப்பிலிருந்து எடுத்துத் தருக. சமாதான நீதவான், இரவென்றும் விடுமுறையென்றும் பாராது சத்தியக்கடதாசியை முடித்துக் கொடுக்க. மொழிபெயர்ப்பாளர், கட்டணம் கேளாது மூன்று மொழியிலும் பெயர்த்துக் கொடுக்க. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருக்கு ஒரு தனிக் கடமை உண்டு. தடுத்து வைப்போரின் தலைமைக் கந்தோர்களும், மகசின் சிறைச்சாலையும், உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு ஒரு பஸ் பயணத் தூரத்தில் உள்ளன. வன்னியிலுள்ள தாய்க்கு அவை ஓர் இரவுப் பயணமும் ஒரு வாரக் கூலியும் ஆகும்.

பயன் என்ன என்பார்க்கு

கடிதங்களைக் குப்பைக் கூடையிற் போடுவார்கள் என்று சொல்வோர் உளர். சில கடிதங்கள் அங்கேதான் போகும். கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் பெற்றோர் ஏறி இறங்காத படியில்லை, எழுதாத இடமில்லை. பிள்ளைகள் திரும்பவில்லை. ஆயினும் அப்பெற்றோர் ஓயாது முறையிட்டதனாலேயே, கடற்படையினர் மீது விசாரணையும் குற்றப்பத்திரமும் வந்தன. கடற்படைத் தளபதியாயிருந்த ஒருவரின் பெயர்வரை அவ்வழக்கு சென்றது. 2021ஆம் ஆண்டில் அவருக்கெதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லையெனச் சட்டமா அதிபர் முடிவு செய்தபோது, அதை நாடே அறிந்தது, வினாவும் எழுப்பிற்று. அப்பெற்றோர் எழுதாதிருந்தால், கைவிடுவதற்குக்கூட ஒரு வழக்கு இருந்திராது. கடிதம் எல்லாரையும் மீட்கும் என்று நாம் பொய்யுரை பகரமாட்டோம். மீட்க முடியாத இடத்திலும் மறைக்க முடியாமற் செய்யும் என்றே சொல்கிறோம்.

எழுதினால் எமக்கும் ஆபத்து வருமே என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று, எமது வரலாறு அதனைக் கற்றுத் தந்திருக்கிறது. ஆயின், தனியே எழுத அஞ்சுபவர் பத்துப் பேராகச் சேர்ந்து எழுதுக. உண்மையை மட்டும், உரிய அதிகாரிக்கு, உரிய மரியாதையோடு எழுதுவதை எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை.

அரசியற் போராட்டத்துக்குக் கடிதம் மாற்றாகுமா என்று கேட்போருக்கும் ஒரு சொல். மாற்றாகாது. 2022ஆம் ஆண்டின் திருத்தம், அமைச்சரின் ஆணையால் ஒருவரைத் தடுத்து வைக்கக்கூடிய காலத்தைப் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது, சட்டத்தை நீக்கவில்லை. 2024ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்தவர்களும் அதனை நீக்குவதாகவே மக்களுக்கு வாக்களித்தனர். அவ்வாக்கை நிறைவேற்றுவிக்கும் வேலை அரசியலினது. ஆனால், சட்டம் மாறும்வரை அதனடியில் அகப்பட்டுக் கிடப்பவன் ஒவ்வோர் இரவையும் கழித்தாக வேண்டுமே! அந்த இரவுகளுக்குப் பொறுப்பு யாருடையது?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எமது தாய்மார் சொல்வர். எமது வேண்டுகோள் சிறிது. ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுக. நான்கு கடிதத்தில் ஒன்றேனும் தமிழரல்லாத ஒருவருக்காக இருக்கட்டும். ஊருக்கு ஒருவர் பிரதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் காத்து வைக்கும் பொறுப்பை ஏற்கட்டும். நாளை எமது வாசலில் வாகனம் வந்து நிற்குமானால், எமது கையும் கட்டப்படும். அப்போது நாம் எழுத முடியாத கடிதத்தை எழுதவேண்டியவர், இன்று நாம் யாருக்காக எழுதுகிறோமோ அவரேயாவார்.